யாருடைய சொல்?

கையொப்பமில்லாத தாளைக் கோப்பில் வைத்து மேலிடத்துக்கு அனுப்பலாகாது என்பது எழுத்தர் பணியில் முதல்நாள் கற்கும் பாடம். இருபதாண்டுகளாக அதனை வெறும் அலுவலக விதி என்றே எண்ணியிருந்தேன். அது ஓர் அறநெறியும் ஆகும் என எனக்கு உணர்த்தியது, கணிப்பொறிக்காக நான் கட்டிய ஒரு சிறு பொதி.

தில்லிக்கு வந்து குடியேறிய நம் மூத்தோர் கூறிய நினைவுகளை ஒரு விக்கித் தளத்தில் எழுதி வைத்திருந்தோம். பலரும் கூடி எழுதவும் திருத்தவும் இடந்தரும் இணைய ஏடே விக்கி. அத்தளம் என்றேனும் மறைந்துவிடக்கூடும் என்றஞ்சி, 2017-இல் பக்கங்களையெல்லாம் என் கணிப்பொறியில் இறக்கி வைத்தேன். அதற்குத் துணைபுரிந்தது, கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் ஒரு சிறு கருவி. முன்பின் அறியாத அயல்நாட்டார் ஒருவர் எழுதி இலவசமாக அளித்தது அது.

2022-இல் மீண்டும் இறக்க முனைந்தபோது கருவி இயங்கவில்லை. அது பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டிருந்தது. அப்பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றது. ஆசிரியர் கருவியை மூன்றாம் பதிப்புக்கு மாற்றியிருந்தார். ஆயினும் அதற்கு வேண்டிய துணை நிரல்களைத் தேடி நிறுவுவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. எனக்குப்பின் வருவோருக்கும் இந்த அலைச்சல் எதற்கு? நான் பயன்படுத்தும் டெபியன் லினக்ஸில் அதனைப் பேக்கேஜ் எனப்படும் பொதியாகச் சேர்த்துவிடத் துணிந்தேன்.

டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. இன்றும் தன்னார்வலர்களால் நடைபெறுவது. அதற்குப் பொதி கட்டுவது, பண்டத்தைத் தாளில் சுற்றுவது போன்ற எளிய செயலன்று. நிரலோடு சில குறிப்பேடுகளும் எழுதி வைத்தல் வேண்டும். கருவியின் பெயர், பணி, அது சார்ந்துள்ள பிற பொதிகள் ஆகியன ஒன்றில். கட்டும் முறை மற்றொன்றில். செய்த மாற்றங்கள், நாளோடும் செய்தவர் பெயரோடும் இன்னொன்றில். நான்காவது உரிமை ஏடு. எந்தக் கோப்பு யாருக்கு உரியது, எந்த நிபந்தனையின் பேரில் பிறர்க்கு வழங்கலாம் என்பதை அதில் குறித்தாக வேண்டும்.

அங்கேதான் தடைப்பட்டேன். கருவியினுள் 40 வரிகளே கொண்ட ஒரு கோப்பில் மட்டும் எழுதியவர் பெயரும் இல்லை, உரிமக் குறிப்பும் இல்லை. என் பொதியைச் சரிபார்க்க முன்வந்த டெபியன் உறுப்பினர் அதனைச் சுட்டி, பணியை நிறுத்தி வைத்தார். நாற்பது வரிக்கு இத்தனை கெடுபிடியா என்று உள்ளுக்குள் சினந்தேன். கருவியின் ஆசிரியருக்கு எழுதினேன். அப்பகுதி தம் நண்பர் எழுதியது என்றும், கேட்டுச் சொல்வதாகவும் மறுமொழி வந்தது. 7 வாரங்கள் கழிந்து நண்பரின் இசைவு வந்தது. அவர் பெயரை உரிமை ஏட்டில் எழுதினேன்.

அன்றிரவு, கருவி இறக்கித் தந்த நம் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 63 நினைவுரைகள். அவற்றுள் 19-இல் மட்டுமே சொன்னவர் பெயர் இருந்தது. தளத்தில் இடுவதற்கு எவரிடமும் நாம் இசைவு கேட்டதில்லை. அவற்றுள் பாதியைத் தட்டச்சு செய்தவன் நானே! அயலார் ஒருவரின் நாற்பது வரிக்காகக் காத்திருந்த நான், நம் வீட்டுப் பெரியோரின் வாழ்க்கையைக் கேளாமலே எடுத்து ஊருக்கு வழங்கியிருந்தேன்.

வீடு வீடாகச் சென்றேன். பெரும்பாலோர் மகிழ்ந்து இசைந்தனர். 86 வயதான அம்மையார் ஒருவர், தம் உரையை நான் படிக்கக் கேட்டபின், “எல்லாம் நான் சொன்னதுதான் தம்பி. ஆனால் அந்த ஒரு பத்தி வேண்டாம். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் இருந்திருந்தால் பொறுத்திருக்க மாட்டார்” என்றார். தொகுப்பிலேயே சிறந்த பத்தி அது. மனமின்றி நீக்கினேன். அதில் என்ன இருந்தது என்பதை இங்கும் எழுதேன்.

நீக்கியது மட்டும் போதவில்லை. விக்கி தன் பழைய வடிவங்களையும் மறவாது வைத்திருக்கும். கருவியோ அவ்வரலாறு முழுவதையும் இறக்கித் தரும். ஆகவே, அப்பத்தி இடம்பெற்ற பழைய வடிவங்களின் உரையையும் மறைத்தேன். எழுதியவர் பெயரும் நாளும் மட்டும் நிற்குமாறு செய்ய விக்கியில் வழியுண்டு. 2017-இல் எடுத்த படியிலிருந்தும் அப்பத்தியை அகற்றினேன்.

பொதி பின்னர் டெபியனில் சேர்ந்தது. இன்று ஒரே கட்டளையில் எவரும் அதனை நிறுவிக்கொள்ளலாம்.

நம் நினைவுரைகளில் 7-க்கு மட்டும் உரியவரை இன்னும் கண்டறிய இயலவில்லை. அவற்றைத் தளத்திலிருந்து எடுத்து வைத்துள்ளேன். இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாரை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் வீட்டுப் பெரியோர் எப்போதேனும் நம்மிடம் தம் கதையைச் சொல்லியிருந்தால், வந்து பார்த்து, உங்களுடையது எனின் கூறுங்கள். வெளியிட வேண்டாம் என்றாலும் கூறுங்கள். அதுவரை அவ்வேழு தாள்களும் கையொப்பமின்றி என் மேசையிலேயே இருக்கும்.