ஆல்ட்வர்த் கிராமத்து பெல் இன்

அக்டோபர், சனிக்கிழமை இரவு. ரெடிங் நகரம்.

லண்டனுக்கு வருகிறவர்கள் பார்த்தே தீரவேண்டும் என்று ஏற்பட்டிருக்கும் அரண்மனை, கோபுரம், அருங்காட்சிசாலை முதலியவற்றை நானும் சாஸ்திரோக்தமாகப் பார்த்து முடித்தாயிற்று. இந்த தேசத்து ஜனங்கள் நம்மைப் போன்ற யாத்திரிகர்களுக்காக வேஷம் கட்டிக்கொள்ளாமல், தங்களுக்குள்ளே எப்படிப் பேசிப் பழகுகிறார்கள் என்பதை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று இன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டபோது, வீட்டுக்காரர் யோசிக்கவேயில்லை. "மாதாகோயிலும் வேண்டாம், பார்லிமெண்டும் வேண்டாம், சாலையோரத்தில் இருக்கும் ஒரு பழைய நாட்டுப்புறத்துப் பப்புக்குப் போங்கள்" என்றார். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்த சேலம் ஜில்லாவில், கள்ளுக்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாகப் போய்ப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன் நான் என்பது பாவம், அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு.

காலையில் ரயிலேறிக் கோரிங் ஸ்டேஷனில் இறங்கி, தேம்ஸ் நதிப் பாலத்தைக் கடந்து ஸ்ட்ரீட்லி ஊரை அடைந்தால், அங்கிருந்து சாலை மேற்கே சுண்ணாம்புக் குன்றின்மேல் ஏறுகிறது. ஏறக்குறைய மூன்று மைல் நீளும் அந்த ஏற்றத்தில், இருபுறமும் வேலிச்செடிகளும் அறுவடை முடிந்த வயல்களுமாக இருந்ததே தவிர, எதிர்ப்பட்ட மனிதர்கள் சொற்பம். ஆல்ட்வர்த் என்பது சிறிய கிராமம். அங்குள்ள பெல் இன் என்ற பப், ஓர் இடையனுடைய வீடு என்று சொன்னால் நம்பிவிடக்கூடிய அளவுக்கு அடக்கமான கட்டடம். ஒரே குடும்பத்தார் சுமார் இருநூற்றைம்பது வருஷங்களாக இதை நடத்திவருகிறார்கள். வெள்ளையர் ஆட்சி நம் நாட்டில் வேரூன்றத் தொடங்கிய காலத்திலிருந்து, அது முடிந்து இத்தனை காலம் ஆன பின்னும், ஒரு வீட்டார் தலைமுறை தலைமுறையாக அதே நிலவறையிலிருந்து பீர் எடுத்து அதே ஊராருக்கு ஊற்றிக்கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, சரித்திரப் புஸ்தகங்கள் எதை எழுதாமல் விட்டுவிடுகின்றன என்பது ஒருவாறு விளங்குகிறது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட வேண்டிய நீண்ட மேஜைத் தடுப்பு இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக, சிறுசிறு கண்ணாடிச் சட்டங்கள் பொருத்திய பலகணி ஒன்று சுவரில் திறந்திருக்கிறது. ரயில்வே டிக்கெட் ஜன்னலைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதன் வழியாகத்தான் எல்லாம் கேட்க வேண்டும், எல்லாம் வாங்க வேண்டும். சுவரையொட்டி மரப்பலகை ஆசனங்கள், புகையாலும் காலத்தாலும் பழுத்த காவிநிறக் கூரை, கணப்பு அடுப்பு, நிமிஷமுள் இல்லாமல் மணிமுள் மட்டுமே உள்ள ஒரு பழைய கடிகாரம். முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றுகொண்டிருந்தது; சரியாக மணி என்ன என்று அந்த அறையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சங்கீதம் இல்லை. கைபேசியில் பேசுவதற்கு அனுமதி இல்லை. சாப்பிடுவதற்குச் சூடான ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வைத்துத் தருகிறார்கள். விஸ்தாரமான போஜனத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அரை பைன்ட் ஏல் கேட்டேன். ஸ்விண்டன் நகரத்தில் 1843 முதல் மதுவடித்துவரும் ஆர்க்கெல் குடும்பத்தாருடைய சரக்கு. முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸ் கொடியின் பூவும் சேர்த்துக் காய்ச்சிய இந்தப் பானம், பீப்பாயில் அடைத்த பின்னும் ஈஸ்ட்டின் உயிர் அடங்காமல் உள்ளுக்குள் நொதித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கடைக்காரர் அதைச் சில நாள் நிலவறையில் அசையாமல் கிடத்தி, தெளியவிட்டு, பக்குவம் அறிந்து திறக்க வேண்டும். திறந்த பின் மூன்று நான்கு நாளைக்குள் விற்றுத் தீராவிட்டால் புளித்துப்போகும். வாயுவின் அழுத்தத்தால் பீறிட்டு வருவதல்ல. கைப்பம்பின் நீண்ட பிடியை ஆள் இழுத்தால்தான் மேலே வரும். பன்னிரண்டு டிகிரி உஷ்ணத்தை ஒட்டியே வைத்திருப்பதால், பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சியும் கிடையாது. முதல் வாய் நிலவேம்புக் கஷாயத்தைத்தான் நினைவூட்டிற்று. மூன்றாவது வாயில் அந்தக் கசப்பின் அடியில் தானியத்தின் இனிப்பு ஒன்று இருப்பது புலப்பட்டது. அதற்குமேல் நான் ஆராய்ச்சி செய்யவில்லை.

பெரிய ஆலைகள் ஈஸ்ட்டைக் கொன்று, வடிகட்டி, வாயு ஏற்றிய பீரை நாடெங்கும் ஒரே ருசியாக்கிக்கொண்டு வந்தபோது, அதை எதிர்த்து 1971-ல் காம்ரா என்ற இயக்கம் கிளம்பிற்று. அந்த இயக்கத்தார் நாட்டிலேயே சிறந்த பப் என்று 1990-ஆம் ஆண்டுக்கும், மறுபடியும் 2019-ஆம் ஆண்டுக்கும் தேர்ந்தெடுத்தது இந்த ஒதுக்குப்புறத்துக் கடையைத்தான். இந்த இடைக்காலத்தில் கடையில் மாறியது என்னவென்றால், ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பலகையில் எனக்காகச் சற்று நகர்ந்து உட்கார்ந்த கிழவனார் ஒருவர், காலடியில் படுத்திருந்த நாயையும் நகர்த்திவிட்டு, "மேட்டில் காற்று எப்படி?" என்று கேட்டார். பலமாக அடிக்கிறது என்றேன். அங்கிருந்து பேச்சு உழவுக்குப் போயிற்று, மழைக்குப் போயிற்று, எங்கள் ஊர் மரவள்ளிக்கிழங்குக்கும் போயிற்று. ஒரு மணி நேரத்துக்குமேல் பேசியும், என் பெயர் என்ன, உத்தியோகம் என்ன, சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நம் ஊர் ரயில் பெட்டியில் இவையெல்லாம் முதல் ஸ்டேஷனுக்குள் தீர்ந்துவிடும் விஷயங்கள். ஒருவர் வாங்கிக்கொடுத்தால் மற்றவர் அடுத்த முறை வாங்கிக்கொடுப்பது இங்கே எழுதாத சட்டமாகையால், அவர் கோப்பை காலியானதும் நான் பலகணிக்கு எழுந்து போனேன். எனக்கு மட்டும் எலுமிச்சை பானம் வாங்கிக்கொண்டேன். அதையும் அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் செயிண்ட் மேரி மாதாகோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். பதினான்காம் நூற்றாண்டில் டி லா பெஷ் வம்சத்தாருக்குச் செதுக்கிய ஒன்பது கற்சிலைகள், ராக்ஷச ஆகிருதியுடன், மூக்கும் கைகளும் உடைந்து கிடக்கின்றன. அவர்களில் ஒருவன், கோயிலுக்கு உள்ளே புதைத்தாலும் வெளியே புதைத்தாலும் தன் ஆத்மாவை எடுத்துக்கொள்ளலாம் என்று சாத்தானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சுவருக்குள்ளேயே தன்னைப் புதைக்கச் சொல்லித் தப்பித்துக்கொண்டானாம். நம்முடைய இரணியன் இந்தக் கிராமத்துக்கு வந்து யோசனை கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை.

ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யோசித்ததை எழுதிவைக்கிறேன். 1552-லேயே இந்த நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள்: ஏல் விற்க விரும்புகிறவன் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளிடம் லைசென்ஸ் பெற்று, தன் கடையில் ஒழுங்கு தவறாது என்று ஜாமீனும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெறித்திருப்பவனுக்கு மேலும் ஊற்றிக்கொடுப்பது இன்றும் இங்கே குற்றம். நேற்று நான் கண்ட அமைதிக்குக் காரணம் இங்கிலீஷ்காரர்களுடைய பிறவிக்குணம் என்று நான் நம்பவில்லை. இதே தேசத்துப் பட்டணங்களில் சனிக்கிழமை இரவுகளில் அவர்கள் நடந்துகொள்ளும் லக்ஷணத்தை நானே பார்த்திருக்கிறேன். ஊற்றிக்கொடுக்கிறவர் அதே ஊரில் குடியிருக்கிறார். குடிப்பவருடைய தகப்பனையும் பிள்ளையையும் அறிவார். நாளைக் காலையில் அதே முகத்தில் விழிக்க வேண்டியவர். நம்மிடத்திலோ, கம்பிக்கு அப்பால் இருக்கும் கை புட்டியைக் கொடுத்துப் பணத்தை எடுத்துக்கொள்வதோடு சம்பந்தம் முடிந்தது. வாங்கியவன் வரப்பில் விழுந்தானா, வீட்டில் மனைவியை அடித்தானா என்பது அந்தக் கையின் கவலையல்ல. மதுவிலக்கே உத்தமம் என்று நினைக்கும் நான்கூட, விற்றுத்தான் ஆகவேண்டும் என்கிற சர்க்கார் இப்படி விற்பது விற்கும் முறையே அல்ல என்று சொல்லுவேன்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு லண்டன் பத்திரிகையில், சகல லக்ஷணங்களும் பொருந்திய ஒரு பப்பை நுணுக்கமாக வர்ணித்துவிட்டு, முடிவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கையை விரித்தார். அவர் கேட்டது பட்டணத்துக் கடை. ஆல்ட்வர்த்தைப் பற்றி எனக்கு அந்த மனக்குறை இல்லை.

இதைப் படிக்கும் நண்பர்கள் யாரேனும் அந்தப் பக்கம் போவதானால், லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து கோரிங் வரைக்கும் ரயிலில் போய், மிச்சத்தை நடந்துவிடுங்கள். மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள். திங்கட்கிழமையில் மட்டும் போகாதீர்கள்; அன்று கடைக்கு விடுமுறை.