பழனிப் படிகளில் ஒரு திருத்தம்

சென்ற மாதம் குடும்பத்துடன் பழனிக்குப் போயிருந்தேன். "விஞ்சில் போய்விடலாமே" என்றாள் என் மனைவி. உபாத்தியாயருக்கு வறட்டுக் கௌரவம் சற்று அதிகமல்லவா? படியேறியே தீருவேன் என்று கிளம்பினேன். பாதி வழி போவதற்குள் தொடைகள் இரண்டும் ஈயக் குண்டுகளாய்க் கனத்துவிட்டன. மண்டபத்து நிழலில் சாய்ந்தேன்.

"அப்பாவுக்கு லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது!" என்று நகைத்தாள் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கும் என் மகள்.

அதை அவளுக்குக் கற்பித்தவன் நானே. அது பிழை என்று சில மாதங்களுக்கு முன் படித்தறிந்தும், இருபது வருஷமாகச் சொல்லி வந்ததை மாற்றிச் சொல்ல வெட்கி, வாய் மூடியிருந்தவனும் நானே. அங்கேயே திருத்தத்தைத் தொடங்கினேன்.

தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற பொருளே கைச்செலவுப் பணம். அதிலுள்ள மூன்று பாஸ்பேட் கண்ணிகளில் கடைசிக் கண்ணி கழலும்போது சக்தி பிறக்கிறது. ஆனால், முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்கே காணும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் கைமாற்றுக் கொடுக்கிறது. அதுவும் பத்து விநாடியளவில் வற்றிவிடும். அப்புறம் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும். பிராணவாயுவை எதிர்பாராமல் அவசரமாய் உடைத்தால், ஒரு குளுகோஸ் அணுத்திரளுக்கு 2 ஏ.டி.பி.தான் லாபம். மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் நிதானமாய் எரித்தாலோ சுமார் 30 கிடைக்கும்.

அவசர வழியில் விளையும் லாக்டேட்டைத்தான் நாங்கள் விஷமென்று தூற்றி வந்தோம். பாவம், அது நல்ல விறகு! இருதயம் அதை வாங்கி எரிக்கிறது. கல்லீரல் மறுபடியும் சர்க்கரையாக்குகிறது. கடும் உழைப்பில் தசை தளர்வதற்கு, கழன்ற பாஸ்பேட் மிகுந்து இழைகளின் பிடியைக் குறைப்பதும், சுருங்கக் கட்டளையிடும் கால்சியம் போதிய அளவு வெளிப்படாமற் போவதும் பெருங் காரணங்கள். மறுநாள் வலி இழைகளில் நேர்ந்த சிறு காயங்களால் வருவது.

"இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?" என்றாள் மகள்.

பலர். அவர்களில் ஒருவர் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதரங்கி அணிந்து ஆசிரியரின் கோபத்துக்கு ஆளானவர், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். பட்டந்தான் கிடைத்தது. அவரே ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட்டையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் உலகுக்குக் காட்டினார். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் தனியே கண்டார். இந்தப் பெயரையுங்கூட நான் வகுப்பில் ஒரு நாளும் உச்சரித்ததில்லை.

"அப்படியானால் உங்களிடம் முன்பு படித்தவர்களுக்கு யார் சொல்வது?"

எனக்குப் பதில் வரவில்லை. கால் தேறியிருந்தது, எழுந்து ஏறினோம்.

திங்கட்கிழமை முதல் மணியில் என் பிழையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பழைய மாணாக்கர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள்.