தோபி தலாவில் ஒரு பெரிய வாத்தியத்தைத் தேடி

மும்பையின் மரீன் லைன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சில நிமிடங்கள் நடப்பீர்களானால் தோபி தலாவை அடைவீர்கள். சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த குளத்தினால் இவ்விடத்திற்கு இப்பெயர் வந்தது. குளம் தூர்க்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. பெயர் மாத்திரம் நிலைத்திருக்கிறது. 1904-ல் தொடங்கப்பட்ட கயானி ஈரானி உணவகமும், 1938-ல் திறக்கப்பட்ட மெட்ரோ திரையரங்கும் இங்கேதான் உள்ளன. 1865-ல் தோன்றிய பர்ட்டாடோஸ் என்னும் இசைக்கருவி வணிக நிறுவனத்தின் பெயரும் இவ்வட்டாரத்தோடு பிரிக்கமுடியாதபடி இணைந்திருக்கிறது.

நம்மைப்போலவே பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்த கோவா மக்கள், இப்பகுதியில் ‘கூட்’ என்னும் ஊர்விடுதிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒரே கிராமத்தார் ஒரே விடுதியில் தங்கி, வேலை கிடைக்குமளவும் ஒருவரையொருவர் தாங்கினார்கள். அவர்களில் அநேகர் தங்கள் ஊர்ப் பள்ளிகளில் வயலினும் சுரக்குறியீடும் கற்றவர்கள். பம்பாய்த் திரையிசைக் குழுக்கள் பல ஆண்டுகள் இவர்களுடைய கைகளினாலே நடந்தன. வயலின்களுக்குப் பின்னே ஆளுயரத்தில் நின்று, கேட்பவர் கவனியாமலே முழு இசையையும் சுமந்த வாத்தியம் ஒன்று உண்டு. அதுவே டபுள் பாஸ்.

தோபி தலாவிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே சென்றால் நரிமன் முனை வரும். அங்குள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தில், 2006-ல் நிறுவப்பட்ட இந்திய சிம்பொனி இசைக்குழு வாசிக்கும்போது, மேடையின் ஓரத்தில் இவ்வாத்தியங்கள் வரிசையாய் நிற்பதைக் காணலாம். அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காதினால் கேட்பதற்கு முன்னே நெஞ்சில் உணரப்படும் ஓசை அது. அதைக் கேட்ட பிள்ளை, “அப்பா, எனக்கு அதுதான் வேண்டும்” என்று சொல்லக்கூடும். அப்பொழுது நீங்கள் என்ன செய்வீர்கள்?

தோபி தலாவின் கடைகளில் கிதாரும் கீபோர்டும் கண்ணில் படும் அளவுக்கு டபுள் பாஸ் கண்ணில் படாது. பெரும்பாலும் சொல்லிவைத்துத் தருவிக்க வேண்டும். நம்மில் பலருக்குச் சட்டையும் காலணியும் ஓர் அளவு பெரிதாக வாங்கும் வழக்கம் உண்டு. பிள்ளை வளருவானே என்பது நம் கணக்கு. இவ்வாத்தியத்தில் அந்தக் கணக்கு பலிக்காது. பெரிய சட்டை பிள்ளையை வருத்தாது. பெரிய வாத்தியமோ அவன் மணிக்கட்டையும் தோளையும் வருத்தும். சவுலின் கவசம் தாவீதுக்குப் பொருந்தாததுபோல, அது சுமையாகவே இருக்கும். வலி கண்ட பிள்ளை வாத்தியத்தையே வெறுத்துவிட்டால், செலவிட்ட பணம் அனைத்தும் வீணாகும்.

அளவுகளின் பெயர்கள் உங்களைக் குழப்பாதிருக்கட்டும். முக்கால் அளவு எனப்படுவதே பெரியவர்களில் பெரும்பாலோர் வாசிப்பது; முழு அளவு அபூர்வம். முக்கால் அளவில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். அரை அளவில் சுமார் 97, கால் அளவில் சுமார் 90. செய்பவருக்குச் செய்பவர் இது வேறுபடுவதால், ஒட்டப்பட்ட சீட்டை நம்பாமல் அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள். மேல்முனையிலுள்ள நட் தொடங்கி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரைக்கும் அளந்து பாருங்கள்.

இந்த வித்தியாசம் சிறிதென்று எண்ணவேண்டாம். கற்பவர் முதலில் பழகும் நிலையில், சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுர இடைவெளி அகப்படவேண்டும். முக்கால் அளவில் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். கால் அளவில் 9-க்கும் சற்றுக் குறைவு. பெரியவர் வாசிக்கும் வயலினிலோ இதே இடைவெளி 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பிஞ்சு விரல்களுக்கு ஒரு சென்டிமீட்டர் எத்தனை பெரிதென்று இதிலே விளங்கும்.

ஆகையால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயதைச் சொல்லி வாங்காதிருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே உயரமாயிருப்பதில்லை. வாத்தியத்தை நிமிர்த்தி, அடிக்கம்பியை ஏற்றியிறக்கி, நட் பிள்ளையின் புருவத்தின் மட்டத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். குனியாமலே வலதுகை வில்லோடு பிரிட்ஜுக்குச் சற்று மேலே எட்டவேண்டும். இடதுகை விரல்கள் நடுங்காமல் தந்தியை அழுத்தவேண்டும். கூடுமானால் கற்பிக்கப்போகிற ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலையைப் பார்ப்போம். ஒரே மரப்பலகையைச் செதுக்கிச் செய்த வாத்தியம் இனிமையாக ஒலிக்கும், விலையோ அதிகம். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்தது மலிவானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மும்பை மழையின் ஈரத்தையும், அதன்பின் வரும் வறட்சியையும், வெடிப்பின்றித் தாங்குவதில் இதுவே உறுதியானது. வளரும் பிள்ளைக்கு இது போதும். பிறர் பயன்படுத்தியதை வாங்கினாலும் தாழ்வில்லை. கழுத்து உடலோடு சேருமிடம் அசைகிறதா, பிரிட்ஜின் அருகே விரிசல் உண்டா, ஓரங்களை விரல்முட்டியால் தட்டும்போது ஒட்டுவிட்ட சத்தம் வருகிறதா என்று சோதியுங்கள். தந்திகள் விரல்பலகையிலிருந்து அதிக உயரத்தில் நின்றால், பிரிட்ஜைச் சீர்செய்யும் கூலியையும் தந்திகளின் விலையையும் கணக்கில் சேருங்கள். வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்குமானால் அதுவே முதல் வழி. இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளை அடுத்த அளவுக்கு வளர்ந்துவிடக்கூடும்.

வீட்டையும் மறவாதிருங்கள். குடிசை மாற்றுத் திட்டத்தில் 225 அல்லது 269 சதுர அடி வீடு பெற்றவர்கள் நம்மில் அநேகர். முக்கால் அளவு வாத்தியம் ஏறத்தாழ ஆறடி உயரம். அதை மாடிப்படியில் ஏற்றவும், புறநகர் ரயிலில் கொண்டுபோகவும் வேண்டும். சிறிய அளவு பிள்ளையின் கைக்கு மாத்திரமல்ல, வீட்டின் மூலைக்கும் பொருந்தும். சமையல் அடுப்புக்கும் வெயில் விழும் ஜன்னலுக்கும் தூரமாய் அதை வையுங்கள். தந்திகள் எல்லாவற்றையும் ஒரேசமயத்தில் தளர்த்தவேண்டாம். உள்ளே நிற்கும் ஒலித்தண்டு விழுந்துவிடும்.

நாளைக்கு அவன் எவ்வளவு உயருவான் என்பதை இன்று நீங்கள் விலைகொடுத்து வாங்க இயலாது. இன்றைக்கு அவன் கைக்கு எட்டுவதை வாங்கிக்கொடுங்கள். நாளைக்கு வேண்டியதை நாளைக்கு வாங்கலாம்.