கதிர்க்குருவியின் சொந்த ஊர்

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர்த் தொடக்கத்தில் ஒரு விடியலில் அதன் உச்சியிலிருந்து ‘சிஸ்வீ, சிஸ்வீ’ என்று கூரிய குரலொன்று எழும். குரல் எளிதில் கிட்டும். குரலுக்குரியதைக் காணத்தான் கழுத்து நோகும்.

பச்சைக் கதிர்க்குருவி என்பது அதன் பெயர். நீளம் 10 செ.மீ., எடை ஏறத்தாழ 8 கிராம். மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக் கோடு. இலையின் அடிப்புறத்தை அண்ணாந்து நோக்கும். அந்தரத்தில் நொடிப்பொழுது சிறகடித்து நின்று புழுவைக் கொத்தும். கண்ணில் பதியுமுன் வேறு கிளைக்குத் தாவியிருக்கும். பைனாகுலருடன் நின்ற என்னை எதிர்மாடி வீட்டார் ஐயத்தோடு பார்த்த காலமும் உண்டு. இப்போது அவர்களே, “ஹக்கி பந்த்தா?” (பறவை வந்துவிட்டதா?) என்று கேட்கிறார்கள்.

இக்குருவி இங்கே கூடு கட்டுவதில்லை. இமயமலைக் காடுகளிலும், வடக்கே சைபீரியா, கிழக்கு ஐரோப்பா வரையிலும் அது குஞ்சு பொரிக்கிறது. ஆயினும் குளிர்காலத்துக்கு வந்த இடத்திலும் தனக்கெனச் சில மரங்களை வகுத்துக்கொண்டு, தன் இனத்தாரைக் குரலெழுப்பி விரட்டுகிறது. கால்வளையம் இட்டு ஆராய்ந்தோர், அதே பறவை மறு ஆண்டும் அதே இடத்துக்கு மீள்வதைக் கண்டிருக்கிறார்கள். ஆண்டில் ஏழு மாதம் இங்கே. கூடு கட்டும் காட்டில் மூன்று மாதம் தேறினால் அதிகம். எனில், அதன் சொந்த ஊர் எது?

இக்கேள்வி எனக்கு விளையாட்டன்று. மத்திய அரசு அலுவலகத்தில் விடுப்புப் பயணச் சலுகைக் கோப்புகளைப் பார்ப்பவன் நான். ஊழியர் ஒவ்வொருவரும் ‘சொந்த ஊர்’ எதுவென எழுதித் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால், பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரையே நான் எழுதியிருந்தேன். தந்தையார் மறைந்தபின் அவ்வீடு கைமாறிவிட்டது. சென்ற கோடையில் குடும்பத்தோடு போய்க் கும்பகோணத்தில் விடுதியொன்றில் தங்கினோம். “நாம யார் வீட்டுக்குப்பா வந்திருக்கோம்?” என்று இளைய மகள் கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை.

மைசூரென்று மாற்றி எழுதிவிடுங்கள் என்கிறாள் மனைவி. பணிபுரியும் ஊரே சொந்த ஊரானால் ஊர்ப்பயணச் சலுகை இல்லை, விதி அப்படி. சலுகை பெரிதன்று. ஒரே ஒரு முறைதான் என்பதுதான் கையைத் தடுக்கிறது. விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

இவ்வாண்டு புங்கமரம் தளிர்த்து நின்ற ஏப்ரல் கடைசியில் ஒரு காலை குரல் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. “ஊரிகெ ஹோய்த்தா?” என்றார் எதிர்வீட்டு அம்மையார். ஊருக்குப் போயிற்றா, ஊரைவிட்டுப் போயிற்றா என்று சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் அசைத்தேன்.