கதைக்கிறதுக்குக் காசா?

உளவளத்துணை டிப்ளோமா முடிச்சு ஆறு வருசமாகுது. "சும்மா இருந்து கதைக்கிறதுக்கும் காசோ?" எண்ட கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். உண்மையைச் சொன்னால், அதை முதலில் கேட்டது நாங்களேதான்.

சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் எங்கட பக்கம் உளவளத்துணை பெரும்பாலும் உதவித் திட்டங்களோடதான் வந்தது. இலவசமாக. அப்படித்தான் வந்திருக்கவும் வேணும்; பிள்ளையைத் தேடுற அம்மாவிட்ட யார் கட்டணம் கேட்கிறது? ஆனால் திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கு, துக்கத்துக்கு இல்லை. நாங்கள் வேலை செய்த திட்டம் ஒரு டிசம்பர் 31 ஓட முடிஞ்சுது. எட்டாவது அமர்வில்தான் மகனைப் பற்றி வாய் திறந்த ஒரு அம்மாவிட்ட, "அடுத்த கிழமை நாங்கள் வரமாட்டம்" எண்டு சொல்லவேண்டி வந்தது.

எங்களில் ஒராள் காப்புறுதி வேலைக்குப் போயிட்டா. மிச்ச ரெண்டு பேரும் ஒரு வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்தம். "விரும்பினதைத் தாங்கோ" எண்டம். ஐந்நூறு வந்தது, மாம்பழம் வந்தது, வாடகை மட்டும் எங்கட பொக்கற்றில இருந்து போனது. மூன்றாம் மாதம் 50 நிமிசத்துக்கு 2,000 ரூபா எண்டு எழுதி ஒட்டினம். ஏலாத ஆக்களுக்குக் கிழமையில் ரெண்டு இடம் தனியாக.

கூட ஆக்களைப் பார்த்து உழைக்கலாம் எண்டு நினைக்காதீங்கோ. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல போனால், ஐந்தாவது ஆளுக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டு மட்டும்தான் இருப்பம். எங்களுக்கு வருமானம் கூடினது ஆசிரியர்களுக்கு நடத்தின பயிற்சிகளாலும், பதின்ம வயதுப் பிள்ளைகளோட வேலை செய்யிறதை மேலதிகமாகப் படிச்சதாலும்தான். மேற்பார்வைக்கு மாதாமாதம் நாங்களும் காசு கட்டுறம். அதை மிச்சம் பிடிக்கிறேல்லை.

பிறகு ரொறன்ரோவில் இருந்து ஒரு அழைப்பு. சூம்ல, ஒரு மணித்தியாலத்துக்கு 60 டொலர் தாறன் எண்டார். எங்கட ஒரு நாள் உழைப்பை விடக் கூட. ஒன்ராறியோவில் உளச்சிகிச்சை செய்ய அங்க பதிவு வேணும், அது சட்டம். அதைவிட, அவருக்கு நடுச்சாமத்தில் ஏலாமல் போனால் நாங்கள் யாரைக் கூப்பிடுறது? இஞ்ச எண்டால் 1926க்கு எடுக்கச் சொல்லலாம். அங்க பதிவுள்ள, தமிழ் கதைக்கிற ஒருவரைத் தேடிக் குடுத்தம். அண்டைக்கு ராத்திரி அந்த 60 டொலரை ரூபாவாக்கிப் பார்க்காமலும் இல்லை.

அந்த அம்மா இப்ப வியாழக்கிழமை நாலு மணிக்கு வாறா, இலவச இடத்தில். அடுத்த மாதம் தொடக்கம் மற்ற ஆக்களுக்கு 2,500. தாள் அச்சடிச்சு மேசையில் கிடக்கு. ஆர் ஒட்டுறது எண்டுதான் ரெண்டு நாளாக ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறம்.