கொடி வேண்டாம், மூன்று நிறம் போதும்!

பேத்திக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாட்டிக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும், பேசக் கூச்சம். கும்பகோணத்திலிருந்து நியூஜெர்சிக்கு ஆறு மாதம் தங்க வந்த பாட்டிக்கும், அங்கேயே பிறந்த ஒன்பது வயதுப் பேத்திக்கும் இடையே இருந்த சிக்கல் இதுதான். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் அது பெரிதானது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இவர்கள் இருவர்தான். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன்.

ஜூலை 4 நெருங்கியது. 1776-ல் அந்தத் தேதியில்தான் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிளை அலங்கரித்து ஊர்வலம் போவார்கள். கடையில் வாங்கிய காகிதத் தோரணம் பேத்திக்குப் பிடிக்கவில்லை. பாட்டியின் பெட்டியில் கிடந்த குரோஷா ஊசியைக் கண்டதும் கண் விரிந்தது.

ஒரு காலத்தில் டிவி கவர், டீப்பாய் விரிப்பு என்று பின்னித் தள்ளிய கை அது. கம்பளி கோடைக்கு ஆகாது என்று சிவப்பு, வெள்ளை, நீலத்தில் பருத்தி நூல் வாங்கினார்கள். ஊசி 4 மி.மீ.

பேத்தி போனில் ஒரு செய்முறையை வாசித்தாள். பாட்டி பின்னினார். ஆனால், படத்தில் இருப்பதைவிட நெருக்கமாக, குட்டையாக வந்தது. விஷயம் பெயரில் இருந்தது. பாட்டி பள்ளியில் கற்றது பிரிட்டிஷ் முறை. அங்கே ‘டபுள்’ என்பது அமெரிக்காவில் ‘சிங்கிள்’. அங்கே ‘டிரெபிள்’ என்பது இங்கே ‘டபுள்’. பேத்தி படித்துச் சொல்ல, பாட்டி பின்னிக் காட்ட, இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். பாதி அவளுக்குத் தெரிந்தது, பாதி இவருக்கு.

அதன்பின் வேலை வேகமெடுத்தது. டம்ளர் வைக்கும் வட்டத்துக்கு மூன்றே சுற்று: நடு வளையத்தில் சிவப்பில் 12 அமெரிக்க டபுள், அடுத்து வெள்ளையில் 24, கடைசியாக நீலத்தில் 36. அரை மணி நேரத்துக்குள் ஒன்று முடிந்துவிடும். தோரணம் பேத்தியின் பொறுப்பு. ஒரு கண்ணியில் தொடங்கி, அமெரிக்க சிங்கிளில் வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் முக்கோணம். 15 வரிசையில் நிறுத்தினால் உள்ளங்கை அளவு. எல்லாவற்றையும் ஒரு நீளச் சங்கிலியில் கோத்தால் தோரணம் தயார்.

சிவப்பு நூல் சாயம் விடுமா என்று பார்க்க, ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு வெந்நீரில் நனைத்து வைத்தார் பாட்டி. பின்னி முடித்தபின் வெள்ளை ரோஸ் நிறமானால் யாரிடம் போய் அழுவது?

வட்டத்துக்குப் பதில் கொடியையே பின்னலாமே என்றாள் பேத்தி. 13 பட்டை, 50 நட்சத்திரம்.

“கொடி மேல டம்ளர் வைக்கலாமா கண்ணு?”

பேத்தி போனில் தேடினாள். அமெரிக்கக் கொடி விதிகளும் அதையேதான் சொல்கின்றன: மெத்தை, கைக்குட்டை, காகித நாப்கின் போன்றவற்றில் கொடி கூடாது. ஆனாலும் அங்கே பலர் கொடி போட்ட சட்டையோடு திரிவார்கள், யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் மெத்தையிலோ கைக்குட்டையிலோ தேசியக் கொடியை அச்சிடுவதும், பூவேலை செய்வதும் 1971-ம் ஆண்டு சட்டத்தின்கீழ் குற்றம். நிறம் போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஜூலை 4 காலை, தோரணம் கட்டிய சைக்கிளில் பேத்தி போனாள். பக்கத்து வீட்டு அம்மாள் முக்கோணத்தைத் திருப்பிப் பார்த்து, யார் பின்னியது என்று கேட்டார். “மை பாட்டி” என்றாள் பேத்தி. கிராண்ட்மா என்று சொல்லவில்லை. மாலையில் அந்த அம்மாள் தன் பின்னல் ஊசிகளோடு வந்து உட்கார்ந்தார். பேச்சு அதிகமில்லை. கை காட்டியே இரண்டு மணி நேரம் போனது.

மிச்சமிருந்தது வெள்ளை நூல் மட்டும்தான். ஆகஸ்ட் 15-க்கு ஆரஞ்சும் பச்சையும் வாங்க வேண்டும் என்றார் பாட்டி.

“நானும் வரேன் பாட்டி” என்றாள் பேத்தி, தமிழில்.