கல்லிடைக்குறிச்சியில் ஒரு கிழட்டுப் பூட்டு!

செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னல் சீட் கிடைப்பதற்கு முன்ஜென்மத்தில் ஏதாவது புண்ணியம் செய்திருக்க வேண்டும். பேட்டை தாண்டியதும் ஆரம்பிக்கிற பச்சை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று கூடவே ஓடி வந்து கல்லிடைக்குறிச்சியில் நம்மோடு இறங்கிக்கொள்ளும். இந்தக் கரையில் இந்த ஊர், அந்தக் கரையில் அம்பாசமுத்திரம், நடுவில் தாமிரபரணி. அப்பளத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் இரண்டு நாள் கேஷுவல் லீவில் நான் போனது அப்பளம் வாங்க அல்ல.

ஆச்சி வீட்டை விற்கிறார்கள். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். மூலப்பத்திரம் மரப்பெட்டிக்குள். பெட்டியில் ஒரு பூட்டு. சாவி? தாத்தாவுக்குத்தான் தெரியும். தாத்தா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது!

அத்தான் ஆக்ஸா பிளேடோடு தயாராக நின்றார். "ரெண்டு நிமிஷ வேலை மாப்ளே!"

"ஏல, அவுக பூட்டினது. அறுக்கப்படாது" என்றாள் ஆச்சி. அதோடு அப்பீல் கிடையாது.

பூட்டைப் பார்த்தால் அத்தானின் 'ரெண்டு நிமிஷ'த்தை நம்ப முடியவில்லை. முக்கால் கிலோ தேறும். கறுத்த இரும்பு. சாவித் துவாரத்துக்கு நடுவே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குச்சிமேல் மாட்டுகிற மாதிரி நுனியில் ஓட்டை உள்ள குழல் சாவிதான் இதற்குப் பொருந்தும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பூட்டு ரிப்பேர் அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். எழுபது வயசிருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மெல்லிய கம்பியை விட்டு அங்கங்கே அமுக்கினார். சிரித்தார்.

"லீவர் பூட்டுன்னா உள்ள தகடு தகடா ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும். அமுக்குனா எகிறும். இதுல எதுவும் அசையல பாருங்க. எல்லாம் அடிச்சு வச்ச தடுப்பு. ஆளு பாக்கத்தான் பயில்வான்!"

விஷயம் இவ்வளவுதான். பூட்டுக்குள் சில தகடுகள் அசையாமல் வழிமறித்து நிற்கும். அவற்றுக்கு நேராகச் சாவியில் வெட்டு இருந்தால் சாவி சுற்றும், இல்லாவிட்டால் முட்டும். தடையைத் தாண்டி வேலை செய்வது சாவியின் நுனி மட்டும்தான். ரோமாபுரிக் காலத்திலிருந்து உலகத்தின் பாதிச் சொத்தை இந்த ஏமாற்று வேலைதான் காத்து வந்திருக்கிறது! லண்டனில் ராபர்ட் பாரன் 1778-ல் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் தேறியது. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதே லண்டனுக்கு வந்து, திறக்கவே முடியாது என்று சவால் விட்டிருந்த பிராமா பூட்டை 51 மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்து காட்டினார். நம் அண்ணாச்சி கேட்டது ஒரு காபியும் ஒரு மெழுகுவர்த்தியும்.

முதலில் துவாரத்தில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டார். ஆச்சி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்ட, "வேண்டாம்மா, நாளாக நாளாகப் பிசினாப் போயிரும்" என்றார். ஊறட்டும் என்று அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தோம்.

"இதுவே திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டா இருந்தா கதை வேற" என்று பெருமூச்சு விட்டார். நெல்லைக்காரர் ஒருவர் வெளியூர்ச் சரக்கைப் புகழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே 2019-ல் இந்த ஊருக்கு வேறொன்று கிடைத்தது. இங்குள்ள குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் களவு போனார். கண்டுபிடிக்க முடியவில்லை என்று கேஸை மூடியே விட்டார்கள். 37 வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து அவர் திரும்பி வந்தார். "கோயிலுக்குப் பூட்டு இல்லாமலா இருந்திச்சு?" என்றாள் ஆச்சி. யாரும் பதில் சொல்லவில்லை.

அண்ணாச்சி வேலையை ஆரம்பித்தார். வெட்டில்லாத ஒரு குழல் சாவியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றினார். உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பி எடுத்தார். தடை முட்டிய இடத்தில் கரி அழிந்து வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் அரத்தால் ராவினார். மறுபடி கரி, மறுபடி கோடு, மறுபடி ராவல். நாலாவது தடவை...

டடக்!

"எல்லாத்தையும் ராவிட்டு நுனியை மட்டும் விட்டா இந்த ஜாதிப் பூட்டு பூராத்தையும் திறக்கலாமே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். ஆபீஸ் புத்தி!

"திறக்கலாம். அதுக்குப் பேரு கள்ளச்சாவி" என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்தபடி.

பெட்டிக்குள் மஞ்சள் துணியில் மூலப்பத்திரம் பத்திரமாக இருந்தது. அத்தான் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. அதற்கடியில் ஒரு கட்டு அடகுச் சீட்டு. எல்லாம் ஆச்சியின் நகைகள். 'மீட்டது', 'மீட்டது' என்று ஒவ்வொன்றிலும் தாத்தாவின் கையெழுத்து. ஒன்றில் மட்டும் அது இல்லை. இரட்டைவடச் சங்கிலி. ராத்திரி ஜன்னல் வழியே திருடன் கொண்டுபோனதாக வீட்டில் சொல்லப்பட்டு வந்த சங்கிலி!

யாருக்கும் பேச்சு வரவில்லை. ஆச்சி அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்லா" என்றாள். "பூட்டி வச்சுட்டோம்னு அவுகளுக்கு ஒரு நிம்மதி. இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

கூலி முந்நூற்றைம்பது ரூபாய். "பூட்டைக் குடுக்கீகளா? காரைக்குடியில பழைய சாமான் கடைக்காரங்க நல்ல விலைக்கு எடுப்பாங்க" என்று அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார். ஆச்சி அதற்குள் புதுச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள்.

திங்கட்கிழமை பத்திரம் பதிவானது. ஆச்சி இப்போது பாளையங்கோட்டையில், சித்தப்பாவின் பிளாட்டில். மரப்பெட்டி அந்த மாடிப்படியில் திரும்ப மறுத்துவிட்டதால் பூட்டு மட்டும் கூடப் போயிருக்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரை வைத்திருக்கிற அலமாரியில் ஜம்மென்று தொங்குகிறது. சாவி, பக்கத்து ஆணியில்.